அல்லூர் நத்தையும் அதற்குள் குடியிருக்கும் புழுக்களும்



ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் வழியில் சுங்கை சிப்புட் இருக்கிறது. மலாயில் 'சுங்கை' என்றால் ஆறு, 'சிப்புட்' என்றால் நத்தை. பேராக்கில் இருக்கும் நாம் இந்தப் பெயரை எத்தனையோ முறை சொல்லியிருப்போம். ஆனால் வகுப்பில் ஒட்டுண்ணி வாழ்வு பாடம் வந்தால் பேன், உண்ணி, நாடாப்புழு, மரத்தில் புல்லுருவி என்று நாலு உதாரணத்தோடு முடித்துவிடுகிறோம். நத்தை வந்தாலும், "நத்தை நோயைப் பரப்புகிறது" என்ற ஒரே வரியில் வந்து போய்விடும். விடைத்தாளிலும் மாணவர்கள் அதையேதான் எழுதுகிறார்கள். அந்த வரி பாதிதான் சரி. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள நம் தோட்டத்து அல்லூரில் கிடக்கும் ஒரு நத்தையே போதும்.

அதன் அறிவியல் பெயர் இண்டோபிளானோர்பிஸ் எக்சஸ்டஸ். முதற்பெயரிலேயே இந்தியா இருக்கிறது. 1834இல் டெஷாயே என்ற பிரெஞ்சு அறிஞர் மலபார்க் கரையில் கிடைத்த ஓடுகளை வைத்து இதற்குப் பெயரிட்டார். 'எக்சஸ்டஸ்' லத்தீன் சொல். எரிந்தது, தீய்ந்தது என்று பொருள். ஓட்டின் பழுப்பு நிறத்தைப் பார்த்தால் பெயர் பொருத்தமாகத்தான் தெரியும். ஆட்டுக்கடாவின் கொம்பு ஒரே தளத்தில் சுருண்டால் எப்படி இருக்குமோ அப்படித் தட்டையாகச் சுருண்ட ஓடு. பெரியது ஒன்றைப் பிடித்தால் குறுக்களவு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் இருக்கும்.

மற்ற நத்தைகளோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1990களில் நம் நெல்வயல்களில் பரவிய தங்க ஆப்பிள் நத்தை உருண்டையானது. தண்ணீருக்கு மேலே செடித் தண்டில் ரோஜா நிற முட்டைக் கொத்து வைக்கும். மழைக்காலத்தில் வீட்டுச் சுவரில் ஏறும் பெரிய ஆப்பிரிக்க நத்தை நிலத்து நத்தை. நம் ஆள் நீருக்குள்ளேயே வாழ்பவன். இலையின் அடிப்பக்கத்தில் நிறமில்லாத பசைப்பொட்டலமாக முட்டையிடுவான். முட்டைகள் ஒரு வாரத்தைச் சுற்றிப் பொரிந்துவிடும்.

இந்த நத்தைக்கு மூன்று வசதிகள் உண்டு. மூன்றும் தேர்வுக்கு உதவும். முதலாவது, இதற்குச் செவுள் கிடையாது, நுரையீரல் போன்ற பை உண்டு. அதனால் ஆக்சிஜன் குறைந்த அழுக்குத் தண்ணீரிலும் மேலே வந்து மூச்சு வாங்கிக்கொள்ளும். இரண்டாவது, இதன் இரத்தத்தில் நம்மைப் போலவே ஹீமோகுளோபின் இருக்கிறது. பெரும்பாலான நத்தைகளின் இரத்தம் செம்பு கலந்த நீலம், இதுவோ சிவப்பு. மூன்றாவது, இது இருபால் உயிரி, துணையில்லாமல் தனக்குத்தானே கருவுறவும் முடியும். ஒரே ஒரு நத்தை மாட்டுக் குளம்பின் சேற்றிலோ நீர்ச்செடியின் வேரிலோ ஒட்டிக்கொண்டு புதுக் குட்டைக்குப் போய்ச் சேர்ந்தால் போதும், அங்கே ஒரு கூட்டமே உருவாகிவிடும். குட்டை வற்றினால் சேற்றுக்குள் புதைந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும்.

இப்போது பால்மரத் தோட்டத்தை மனதில் கொண்டு வாருங்கள். லயத்துக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை. பாலுக்காகவும் நாலு காசு பார்க்கவும் பலர் மாடு வைத்திருந்தார்கள். கொட்டகையைக் கழுவிய தண்ணீர் அல்லூரில் இறங்கும். அல்லூர் கீழே இருக்கும் குட்டைக்கோ ஓடைக்கோ போகும். அதே குட்டையில் மாடு தண்ணீர் குடிக்கும், பிள்ளைகள் மீன் பிடிப்பார்கள். கிந்தாப் பள்ளத்தாக்கில் இதோடு ஈயக்குட்டைகளும் சேர்ந்துகொண்டன. 1985இல் ஈய விலை சரிந்து சுரங்கங்கள் மூடப்பட்டபின் அவற்றில் பல மீன் குளங்களாகவும் வாத்துப் பண்ணைகளாகவும் மாறின. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயம் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. தண்ணீரும் நத்தையும் மாடும் எங்கெல்லாம் சேர்ந்து இருக்கின்றனவோ, அங்கெல்லாம் நாம் பார்க்கப்போகும் சக்கரம் சுற்ற இடமிருக்கிறது.

முதல் புழுவைப் பார்ப்போம். பெயர் சிஸ்டோசோமா ஸ்பின்டேல். 1906இல் மாண்ட்கோமரி என்பவர் பெயரிட்ட இரத்தத் தட்டைப்புழு இது. மாட்டின், எருமையின் குடலைச் சுற்றியுள்ள சிரைகளில் ஆணும் பெண்ணும் ஜோடியாக வாழும். ஆண் புழுவின் உடலில் நீளவாக்கில் ஒரு மடிப்பு உண்டு. பெண் அதற்குள்ளேயே இருக்கும். பெண் இடும் முட்டை நூற்கதிர் போல இரு முனையும் நீண்டிருக்கும். முட்டைகள் குடல் சுவரைத் துளைத்துக்கொண்டு சாணத்தோடு வெளியே வருகின்றன.

சாணம் தண்ணீரில் கரைந்ததும் முட்டை உடைந்து மிராசிடியம் என்ற நுண்ணிய லார்வா வெளிவரும். அதன் உடல் முழுவதும் குறுமயிர்கள். சில மணி நேரமே உயிரோடிருக்கும், சாப்பிடாது. அதற்குள் நம் தட்டை நத்தையைக் கண்டுபிடித்துத் தோலைத் துளைத்து உள்ளே போயாக வேண்டும். பக்கத்தில் ஆப்பிள் நத்தை நூறு இருந்தாலும் அதற்குப் பயனில்லை.

உள்ளே போனதும் மிராசிடியம் மயிரையெல்லாம் உதிர்த்துவிட்டு ஒரு பையாகிவிடுகிறது. இதுதான் ஸ்போரோசிஸ்ட். இதற்கு வாய் கிடையாது, குடல் கிடையாது. நத்தையின் உடல்நீரிலிருந்து சத்தைத் தோல் வழியாகவே உறிஞ்சிக்கொள்ளும். தாய் ஸ்போரோசிஸ்டுக்குள் சேய் ஸ்போரோசிஸ்டுகள், அவற்றுக்குள் செர்க்காரியாக்கள். எல்லாம் பாலில்லா இனப்பெருக்கம். உள்ளே போன ஒரு மிராசிடியத்திலிருந்து ஆயிரக்கணக்கில் செர்க்காரியாக்கள் வரும், அத்தனையும் ஒரே மரபுப் பிரதி.

இதற்கெல்லாம் செலவு செய்வது யார்? நத்தைதான். முட்டையிடுவதற்காக அது சேர்த்த சத்து புழுவுக்குப் போய்விடுகிறது. தொற்றுள்ள நத்தை முட்டையிடுவது குறைந்துவிடும் அல்லது நின்றேவிடும். ஒட்டுண்ணியியலில் இதை ஒட்டுண்ணி மலடாக்கல் என்பார்கள். ஆகவே, "நத்தை நோயைப் பரப்புகிறது" என்று எழுதும் மாணவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தச் சங்கிலியில் முதலில் நோயாளி ஆனது யார்? மாட்டின் நோய் பல சமயம் வெளியே தெரிவதே இல்லை. கழிச்சலும் மெலிவுமாகப் போய்விடும். நத்தையோ தன் சந்ததியையே இழக்கிறது.

கலைச்சொல்லைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒட்டுண்ணி பால்வழி இனப்பெருக்கம் செய்யும் உயிர்தான் இறுதி ஓம்புயிரி. இங்கே அது மாடு. லார்வாவாக வளரும் உயிர் இடைநிலை ஓம்புயிரி, அதாவது நத்தை. இடைநிலைப் பள்ளி மாணவர்கள் மலாய்ப் பாடநூலில் 'பெரூமா', 'பெரூமா பெரந்தாரா' என்று படிப்பது இவற்றைத்தான். "புழு முதலில் நத்தைக்குள் போவதால் நத்தைதான் முதன்மை" என்று பல பிள்ளைகள் மாற்றி எழுதிவிடுகிறார்கள். வரிசையைப் பார்க்கக் கூடாது, இனப்பெருக்கம் எந்த வகை என்று பார்க்க வேண்டும். இதே தவறு மலேரியாவிலும் நடக்கும். அங்கே இறுதி ஓம்புயிரி மனிதன் இல்லை, கொசு.

சில வாரங்கள் கழித்துப் பகல் வெளிச்சத்தில் செர்க்காரியாக்கள் நத்தையை விட்டு நீந்தி வெளிவரும். வால் நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள் ஆயுள். மாட்டின் தோல் கிடைத்தால் வாலை உதறிவிட்டு உள்ளே நுழைந்து, இரத்தத்தோடு நுரையீரல், கல்லீரல் என்று பயணப்பட்டுக் குடல் சிரைக்குப் போய்ச் சேரும். மாடு குடித்துத்தான் தொற்ற வேண்டும் என்று இல்லை, குட்டையில் நின்றாலே போதும்.

அதே தண்ணீரில் மனிதன் காலை வைத்தால்? செர்க்காரியாவுக்கு வித்தியாசம் தெரியாது, நம் தோலையும் துளைக்கும். ஆனால் நம் உடலில் அதனால் வளர முடியாது, தோலுக்குள்ளேயே செத்துப்போகும். செத்த புழுவை எதிர்த்து நம் நோயெதிர்ப்பு மண்டலம் சண்டை போடுவதால்தான் சிவந்த பருக்களும் தாங்க முடியாத அரிப்பும் வருகின்றன. முதல் தடவை லேசாக இருக்கும். அடுத்தடுத்த தடவைகளில் உடல் அதை அடையாளம் கண்டுகொள்வதால் அரிப்பு கடுமையாகும். நெல்வயலில் இறங்குபவர்களுக்கு வரும் இந்த அரிப்புக்குக் காரணம் இந்தப் புழுவின் செர்க்காரியாதான் என்று 1938இல் பக்லி என்ற ஆய்வாளர் மலாயாவிலிருந்து எழுதினார். அவர் பார்த்தது மலாய்க்கார விவசாயிகளை. வாத்துகள் மேயும் குட்டையில் இன்னொரு நத்தையிலிருந்து வரும் பறவைப் புழுவும் இதே அரிப்பைத் தரும். அல்லூரில் இறங்கிவிட்டு வந்த பிள்ளை ராத்திரி முழுக்கக் காலைச் சொறிந்தால், "அழுக்குத் தண்ணி ஒத்துக்கலை" என்று சொல்லி விட்டுவிடுவோம். அழுக்கோடு புழுவையும் நினைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக இது சில நாளில் தானே ஆறிவிடும். சொறிந்து புண்ணாக்கிச் சீழ் பிடிக்க விடுவதுதான் ஆபத்து.

இனி இரண்டாவது புழு. இதில் நம் கதையும் கலந்திருக்கிறது.

1911இல் லண்டன் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த லெய்பர் என்ற புழுவியல் அறிஞர் மனிதக் குடலில் வாழும் ஒரு புதிய தட்டைப்புழுவை விவரித்து எக்கினோஸ்டோமா மலாயானம் என்று பெயர் வைத்தார். புழுக்கள் கிடைத்தது மலாயாவில் இருந்த தமிழர்களிடமிருந்து. அவர்கள் யார், எந்தக் கப்பலில் வந்தார்கள், எந்தக் கங்காணியின் கீழ் வேலை செய்தார்கள் என்பதெல்லாம் புழுவின் பெயரில் இல்லை. நாட்டின் பெயர் மட்டும் இருக்கிறது. நம் முன்னோரின் வயிற்றிலிருந்து எடுத்த புழு உலகத்துப் பாடநூல்களில் ஏறிவிட்டது. நம் பாட உதாரணங்களில்தான் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

இந்தப் புழுவின் தலையைச் சுற்றிக் கழுத்துப்பட்டை போல 43 முட்கள் இருக்கும். எலி போன்ற பாலூட்டிகளின் குடலில் வாழும், மனிதன் தற்செயலாக மாட்டிக்கொள்பவன். முட்டை மலத்தோடு தண்ணீருக்கு வருகிறது, மிராசிடியம் பொரிகிறது, நம் தட்டை நத்தைக்குள் போகிறது. இதுவரை முதல் புழுவைப் போலத்தான். இங்கிருந்து பாதை பிரிகிறது. எக்கினோஸ்டோமா நத்தைக்குள் ரெடியா என்ற நிலையை எடுக்கிறது. ரெடியாவுக்கு வாய் உண்டு, தசையாலான தொண்டை உண்டு, குடல் உண்டு. அது நத்தையின் திசுவைக் கடித்து விழுங்கும். அதிலிருந்து வரும் செர்க்காரியாவுக்குப் பிளவுபடாத ஒற்றை வால். அது தோலைத் துளைப்பதில்லை. இன்னொரு நத்தைக்குள்ளோ தவளைக் குஞ்சுக்குள்ளோ போய் உறை கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். இது மெட்டாசெர்க்காரியா. அந்த நத்தையைப் பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ தின்பவருக்குத்தான் புழு தொற்றும்.

நம் ஆட்களில் மூலத்துக்கும் இளைப்புக்கும் நத்தைக்கறி, நத்தை சூப் வைத்துக் கொடுக்கும் பழக்கம் உண்டு. அந்த மருத்துவத்துக்குச் சான்று இருக்கிறதா என்ற வாதத்துக்கு நான் இப்போது போகவில்லை. நன்றாகக் கொதித்து வெந்தால் மெட்டாசெர்க்காரியா செத்துவிடும். "சும்மா ஒரு கொதி விட்டால் போதும், சத்து போயிடும்" என்று யாராவது சொன்னால் மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். தொற்றிவிட்டால் பிரசிகுவான்டெல் மருந்து இருக்கிறது. அது மருத்துவர் பார்த்துத் தர வேண்டியது.

ஸ்போரோசிஸ்டுக்கு வாயில்லை, ரெடியாவுக்கு உண்டு என்று மேலே சொன்னேனே, அதை மாணவர்கள் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்வதோடு விட்டுவிடுகிறார்கள். ஒரே நத்தைக்குள் இரண்டு புழுவும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வாயுள்ளது வாயில்லாததைத் தின்றுவிடும்.

இதைக் கண்டறிந்த இடம் கோலாலம்பூர். 1900இல் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் 1960களில் ஒரு குழு நத்தைப் புழுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தது. அதில் முன்னின்றவர் லீ கியான் ஜோ. 1965இல் அவரும் பால் பாஷ், உமாதேவி ஆகியோரும் சேர்ந்து, ஒரே நத்தைக்குள் இரண்டு வகைப் புழு லார்வாக்கள் ஒன்றையொன்று எதிர்ப்பது பற்றி நேச்சர் இதழில் எழுதினார்கள். 1968இல் டொனால்ட் ஹெய்ன்மனும் உமாதேவியும் அதே இதழில் இன்னொரு கட்டுரை வெளியிட்டார்கள். அது நம் இண்டோபிளானோர்பிஸ் எக்சஸ்டஸ் பற்றியே. ஆய்வகத்தில் வலிந்து தொற்ற வைத்த நத்தைகள் இல்லை. இயற்கையிலேயே இரட்டைத் தொற்றோடு கிடைத்த நத்தைகள். அவற்றுக்குள் ஒரு புழு இன்னொன்றை இரையாக்கியதை அவர்கள் விவரித்தார்கள். 1911இல் பெயரில்லாத தமிழர்கள் புழுவைக் கொடுத்தார்கள். 1968இல் அந்தப் புழு வாழும் நத்தையைப் பற்றிய ஆய்வில் உமாதேவி என்ற பெயர் ஆசிரியராக நிற்கிறது. பேராக் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் படிக்கும் ஒரு பெண் பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், முகம் எப்படி மாறுகிறது என்று.

முள்ளை முள்ளால் எடுக்கும் இந்த யோசனை ஆய்வகத்தோடு நிற்கவில்லை. வடகிழக்குத் தாய்லாந்தில் எக்கினோஸ்டோமா மலாயானம் முட்டைகளை நீர்நிலையில் விட்டு, அங்கிருந்த நத்தைகளில் சிஸ்டோசோமா ஸ்பின்டேலைக் கட்டுப்படுத்த முயன்றார்கள். களச் சோதனை வெற்றி என்று லீயும் அவருடைய தாய்லாந்து நண்பர்களும் 1974இல் எழுதினார்கள். ரெடியா எதிரியின் ஸ்போரோசிஸ்டைத் தின்பதோடு நத்தையையும் மலடாக்குவதால் இரட்டை இலாபம்.

இதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. மாட்டுப் புழுவை ஒழிக்க, மனிதக் குடலில் வாழக்கூடிய புழுவின் முட்டையைக் குளத்தில் கொட்டுவது, நத்தையை அரைவேக்காட்டில் தின்னும் ஊரில் எப்படிச் சரியாகும்? வழக்கமான மாற்று, நிக்ளோசமைடு என்ற நத்தைக்கொல்லி. அது மீனையும் சேர்த்துக் கொன்றுவிடும். ஈயக்குட்டையில் மீன் வளர்ப்பவர் ஒப்புக்கொள்ள மாட்டார். சேற்றில் புதைந்து தப்பிய ஒரே ஒரு நத்தை மறுபடி கூட்டத்தை உண்டாக்கிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. என்னைக் கேட்டால், சாணம் தண்ணீருக்குப் போகாமல் தடுப்பதும், மாட்டுக்குத் தொட்டியில் தண்ணீர் காட்டுவதும்தான் செலவு குறைந்த வழி. உயர்நிலைச் சிந்தனைக் கேள்விக்கு இதைவிட நல்ல விவாதப் பொருள் கிடைக்குமா?

இந்த நத்தைக்கு வேறு விருந்தாளிகளும் உண்டு. தமிழ்நாட்டில் மாட்டுக்கு மூக்கடைத்துக் குறட்டை விடும் நோயைத் தருவது சிஸ்டோசோமா நாசேல். 1933இல் அனந்த நாராயண ராவ் என்ற சென்னைக் கால்நடை அறிவியலாளர் அதை விவரித்தார். அதற்கும் இதே நத்தை இடைநிலை ஓம்புயிரி. ஆனால் ஒன்றைத் தெளிவாகப் பிரித்துச் சொல்லிக்கொடுங்கள்: ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கான மனிதர்களை வாட்டும் சிஸ்டோசோமா புழுக்கள் இந்த நத்தையில் வளர்வதில்லை. மலேசியாவில் ஓராங் அஸ்லி மக்களிடம் கண்டறியப்பட்டு, 1988இல் சிஸ்டோசோமா மலாயென்சிஸ் என்று பெயர் பெற்ற புழுவுக்கு ரோபர்ட்சியெல்லா என்ற வேறொரு சிறு நத்தை வேண்டும். எலி நுரையீரல் புழு ஆப்பிரிக்க நத்தையோடும் ஆப்பிள் நத்தையோடும் சேர்த்துப் பேசப்படுவது; அது உருளைப்புழு, வேறு பாடம்.

தேர்வு விடைக்கு வருவோம். "நன்னீர் நத்தைக்கும் தட்டைப்புழுவுக்கும் உள்ள உறவை விளக்குக" என்று கேட்டால், உறவின் பெயரை எழுதுவதோடு நின்றுவிடாதீர்கள். யாருக்கு இலாபம், என்ன இலாபம் (உணவு, இடம், இனப்பெருக்கம்). யாருக்கு நட்டம், என்ன நட்டம் (திசு, முட்டையிடும் திறன்). நத்தை ஏன் இடைநிலை ஓம்புயிரி. அது இல்லாவிட்டால் சங்கிலி எங்கே அறும். இவ்வளவும் வந்தால்தான் அது விளக்கம். சங்கிலியின் எந்தக் கண்ணியை அறுத்தால் எது நிற்கும் என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது.

எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். மாணவர்களுக்கு ஆய்வகத்தில் இதைக் காட்டவும் முடியும். சிறு பிள்ளைகளை வைத்துச் செய்ய வேண்டாம். ரப்பர் கையுறையும் காலணியும் போட்டுக்கொண்டு, சல்லடையால் சில தட்டை நத்தைகளை எடுங்கள். இரவு முழுக்கத் திறந்து வைத்துக் குளோரின் போக்கிய குழாய்த் தண்ணீரைக் கண்ணாடிக் குவளைகளில் ஊற்றி, குவளைக்கு ஒரு நத்தை விட்டு வெளிச்சத்தில் சில மணி நேரம் வையுங்கள். பின்னால் கறுப்புத் தாளைப் பிடித்துப் பாருங்கள். தொற்று இருந்தால் வெள்ளைப் புள்ளிகள் துள்ளித் துள்ளி நீந்தும். உறிஞ்சுகுழாயை வாயில் வைக்காமல், ரப்பர் குமிழால் ஒரு துளி எடுத்து நுண்ணோக்கியில் வையுங்கள். வால் பிளந்திருந்தால் இரத்தப் புழு வகை. ஒற்றை வாலும் தலையில் முட்பட்டையும் தெரிந்தால் எக்கினோஸ்டோமா வகை. பத்து நத்தையில் ஒன்றிலும் வராமல் போகலாம். அதையும் முடிவாகக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முடிந்ததும் தண்ணீரை அப்படியே கழுவுதொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். நத்தையோடு சேர்த்துக் கொதிநீர் விட்டு, ஆறியபின் கொட்டுங்கள்.